விசா வேண்டாம் என்றால், வேறு என்னவெல்லாம் வேண்டும்?

கேள்வி சுருக்கமாக இதுதான். குடும்பத்தோடு திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போய், அங்கே சொந்தக்காரர் வீட்டில் சில நாள் தங்கி, பிறகு பாங்காக் பார்த்துவிட்டுச் சென்னை திரும்புவதாகத் திட்டம். இரண்டு நாட்டுக்கும் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்கிறார்கள். அப்படியானால் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் போதுமா? அப்பாவின் பாஸ்போர்ட்டில் இசிஆர் (குடியேற்றச் சோதனை தேவை) என்று இருக்கிறது, சிக்கல் வருமா? அடுத்து நேபாளம் போகும் எண்ணம் உண்டு, அதற்கு ஆதார் அட்டையே போதும் என்பது உண்மையா?

முதல் கேள்விக்குப் பதில்: போதாது. விசா கேட்டு விண்ணப்பித்தால் தூதரகம் என்ன விசாரிக்கும்? எத்தனை நாள், எங்கே தங்குவீர்கள், செலவுக்குப் பணம் இருக்கிறதா, திரும்பி வந்துவிடுவீர்களா. விசா விலக்கு கொடுத்த நாடு இந்தக் கேள்விகளைக் கைவிட்டுவிடவில்லை. கேட்கும் இடத்தைத்தான் மாற்றியிருக்கிறது. தூதரகத்தில் பதில் சரியில்லை என்றால் விசாக் கட்டணத்தோடு நஷ்டம் முடிந்துவிடும். விமான நிலையத்தில் பதில் சரியில்லை என்றால் டிக்கெட், ஹோட்டல், லீவு எல்லாம் போகும். அதனால் விசா இல்லாத பயணத்துக்குத்தான் காகிதங்களை இன்னும் ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது, டிராவல் ஏஜென்சி வேலையில் பல குடும்பங்களை அனுப்பிப் பார்த்த என் கருத்து.

உங்களை முதலில் சோதிப்பவர் மலேசிய அதிகாரி இல்லை. திருச்சியில் போர்டிங் பாஸ் தரும் விமான நிறுவன ஊழியர். அவர் முன்னால் உள்ள கணினியில் டைமாட்டிக் என்ற தகவல் தொகுப்பு இருக்கும். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா நடத்துவது. எந்த நாட்டு பாஸ்போர்ட், எந்த நாட்டுக்கு, எத்தனை நாள் என்று போட்டால் என்னென்ன காட்ட வேண்டும் என்று அது சொல்லும். இறங்கும் நாடு உங்களை உள்ளே விட மறுத்தால் திருப்பி அழைத்து வரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழும், பல நாடுகள் அதற்கு அபராதமும் போடும். அதனால் கவுன்டரில் இருப்பவர் இரக்கம் காட்டினால் தண்டனை அவருடைய நிறுவனத்துக்கு. "கூகுளில் வேண்டாம்னு போட்டிருக்கே" என்று அங்கே வாதாடிப் பயனில்லை.

இப்போது உங்கள் இரண்டு நாடுகள். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதி தருகிறது. இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். தாய்லாந்து 2023 நவம்பரில் 30 நாள் என்று தொடங்கி, 2024 ஜூலை 15 முதல் 60 நாளாக்கியது. அது அதிகம், மறுபடி 30 ஆக்கலாம் என்ற பேச்சு 2025லேயே அங்கே எழுந்தது. அதனால் டிக்கெட் போடும் அன்றும், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பும், தாய்லாந்துத் தூதரகத்தின் தளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இந்தச் சலுகைகள் நிரந்தரம் இல்லை. செர்பியா 2023 ஜனவரி 1 முதல் இந்தியர்களுக்கான விசா விலக்கை நிறுத்திவிட்டது. ஈரான் 2024 பிப்ரவரியில் கொடுத்ததை 2025 நவம்பர் 22 முதல் நிறுத்திவைத்தது. வேலை வாங்கித் தருகிறோம் என்று இந்தியர்களை அங்கே வரவழைத்துக் கடத்திப் பணம் பறித்த சம்பவங்கள்தான் அதற்குக் காரணம். போன வருடம் போய்வந்த நண்பர் சொல்வதை நம்பி டிக்கெட் போடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பாஸ்போர்ட்டில் ஆறு மாதக் கணக்கு எல்லோரும் கேள்விப்பட்டதுதான். நாட்டுக்குள் நுழையும் தேதியிலிருந்து குறைந்தது ஆறு மாதம் அது செல்லுபடியாக இருக்க வேண்டும். நீங்கள் பாங்காக்குக்கும் போவதால், பாங்காக்கில் இறங்கும் தேதியிலிருந்து கணக்குப் போடுங்கள். பெரியவர்கள் பாஸ்போர்ட்டை எல்லோரும் பார்த்துவிடுவார்கள், பிள்ளைகளுடையதை மறந்துவிடுவார்கள். பதினைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஐந்து வருடத்துக்குத்தான் பாஸ்போர்ட் தருவார்கள் என்பதால் அது சத்தமில்லாமல் முடிந்துபோயிருக்கும். முத்திரை குத்த வெற்றுப் பக்கம் இருக்கிறதா, தண்ணீர் பட்டுப் புகைப்படப் பக்கம் உப்பியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். கிழிந்த பாஸ்போர்ட் என்று கவுன்டரிலேயே திருப்பி அனுப்புவது நடக்கிற விஷயம்தான்.

நம்மவர்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு: ஒற்றைப் பெயர். தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட்டுகள் நிறைய, குடும்பப் பெயர் இருக்கும் இடம் காலியாகவே வரும். மலேசியாவும் தாய்லாந்தும் இதற்காக யாரையும் நிறுத்துவதில்லை. சிக்கல் எங்கே வரும் என்றால், டிக்கெட்டில் ஒரு மாதிரி, ஆன்லைன் படிவத்தில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி என்று மூன்று விதமாகப் பெயர் இருக்கும்போது. டிக்கெட் தளம் கடைசிப் பெயர் கேட்டால் அந்த விமான நிறுவனம் சொல்லும் முறையில்தான் போட வேண்டும், நீங்களாக இனிஷியலை விரித்து எழுதாதீர்கள். துபாய்க்குப் போவதென்றால் இது பெரிய விஷயம். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்று அறிவித்து, பிறகு தந்தை பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தால் ஏற்கலாம் என்று தளர்த்தியது.

அடுத்தது டிக்கெட். மலேசியாவில் இறங்கும்போது, அங்கிருந்து வெளியேறும் டிக்கெட் கையில் இருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அது கோலாலம்பூர்–பாங்காக் டிக்கெட். பாங்காக்கில் காட்ட வேண்டியது சென்னை டிக்கெட். இரண்டையும் முன்பே போட்டு, அச்செடுத்து வையுங்கள். போனில் இருக்கிறது என்பார்கள், ஆனால் இறங்கிய இடத்தில் சிம் வேலை செய்யாது, வைஃபைக்கு ஓடிபி வராது, பின்னால் வரிசை முனகும். "டம்மி டிக்கெட் ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கவுன்டரில் இருப்பவர் பிஎன்ஆர் எண்ணைத் தட்டிப் பார்த்தால் இரண்டு நொடியில் தெரிந்துவிடும். பணத்தை மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்லை.

சொந்தக்காரர் வீட்டில் தங்குவதாகச் சொல்கிறீர்கள். இங்கேதான் நிறையத் தமிழ்க் குடும்பங்கள் தடுமாறுகின்றன. ஹோட்டல் முன்பதிவு இல்லை, முகவரி கேட்டால் "கிள்ளானில் மாமா வீடு" என்பதற்கு மேல் சொல்லத் தெரியாது. மாமாவின் முழுப் பெயர், வீட்டு எண், தெரு, அஞ்சல் குறியீடு, செல்போன் எண் எல்லாம் ஒரு தாளில் இருக்க வேண்டும். அவரிடம் ஒரு சின்ன அழைப்புக் கடிதமும், அவருடைய மைகார்டு (மலேசிய அடையாள அட்டை) நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு எதற்கு இதெல்லாம் என்று அவர் சிரிக்கலாம். ஆனால் நீங்கள் இறங்கும் நேரத்தில் அவர் போனை எடுக்கிற நிலையில் இருக்க வேண்டும். அதிகாரி அவரை அழைத்துக் கேட்கவும் கூடும்.

மலேசிய விமான நிலையங்களில் உள்ளே விட மறுப்பதை என்டிஎல் என்பார்கள், தரையிறங்க அனுமதியில்லை என்று பொருள். தங்கும் இடம் சொல்ல முடியாதவர்கள், கையில் பணம் இல்லாதவர்கள், வந்த காரணத்தை முன்னுக்குப்பின் முரணாகச் சொல்பவர்கள்தான் இதில் பெரும்பாலும் மாட்டுகிறார்கள். மாட்டினால் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்பும்வரை ஓர் அறையில் உட்கார வேண்டியதுதான், அங்கே மேல்முறையீடெல்லாம் எடுபடாது. அப்பா அம்மாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். பொய் சொல்லிக் கொடுக்க அல்ல. ஒருவர் பத்து நாள் என்றும் இன்னொருவர் ஒரு மாதம் என்றும் சொல்லாமல் இருக்கத்தான். முடிந்தால் எல்லோரும் சேர்ந்தே கவுன்டருக்குப் போங்கள். மாமா கடையில் கொஞ்ச நாள் கூடமாட இருந்து உதவப் போகிறேன் என்று அப்பா பெருமையாகச் சொல்லிவிட்டால் கதை முடிந்தது. விசா விலக்கில் போகிறவர் சம்பளம் இல்லாமல்கூட வேலை என்று எதையும் செய்யக் கூடாது.

பணத்தைப் பொறுத்தவரை, தாய்லாந்தில் ஆளுக்கு 20,000 பாட், குடும்பமாக என்றால் 40,000 பாட்டுக்கு ஈடான பணம் காட்ட முடிந்தால் கவலை இல்லை. எல்லோரிடமும் கேட்பதில்லை, கேட்டால் ரொக்கமாகக் காட்டச் சொல்லலாம். கொஞ்சம் நோட்டாகவும் மீதியை ஃபாரெக்ஸ் கார்டிலும் வைத்துக்கொள்வது நல்லது. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் வெளிநாட்டு நோட்டு வாங்க முடியாது, அந்த எல்லைக்குள்ளேயே உங்கள் தேவை அடங்கிவிடும். இந்திய ரூபாய் ஆளுக்கு 25,000 வரைதான் எடுத்துப் போகலாம்.

பிலிப்பைன்ஸ் பக்கம் ஒரு பார்வை பார்த்தால் இந்த விதிகளின் மனசு புரியும். 2025 ஜூன் 8 முதல் இந்தியர்களுக்கு 14 நாள் விசா விலக்கு தந்தபோதே நிபந்தனைகளை எழுதி வைத்துவிட்டார்கள்: ஆறு மாத பாஸ்போர்ட், தங்குமிட முன்பதிவு, செலவுக்குப் பண ஆதாரம், திரும்பும் டிக்கெட். அந்த 14 நாளை நீட்டிக்கவும் முடியாது, வேறு விசாவாக மாற்றவும் முடியாது. மற்ற நாடுகள் இவ்வளவு பளிச்சென்று சொல்லாவிட்டாலும் கவுன்டரில் கேட்பது இதே நான்கைத்தான்.

இனி ஆன்லைன் படிவங்கள். விசா போன இடத்தில் இவை வந்து உட்கார்ந்துவிட்டன. மலேசியாவுக்கு எம்டிஏசி என்னும் டிஜிட்டல் வருகை அட்டை 2024 ஜனவரி 1 முதல் கட்டாயம். தாய்லாந்துக்கு அதே மாதிரியான டிடிஏசி 2025 மே 1 முதல் கட்டாயம். இரண்டையும் அந்தந்த நாட்டில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும். அதாவது நீங்கள் தாய்லாந்துப் படிவத்தை மலேசியாவில் இருக்கும்போதுதான் நிரப்ப வேண்டியிருக்கும், அதை மறந்துவிடாதீர்கள். கைக்குழந்தைக்கும் தனிப் பதிவு வேண்டும். இரண்டுமே இலவசம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது: தேடினால் மேலே வருகிற தளங்கள் பாதி, விளம்பரம் கொடுத்துப் பணம் பிடுங்குகிறவை. அரசுத் தளம் போலவே இருக்கும், கடைசியில் கார்டு எண் கேட்கும். மலேசிய அரசின் முகவரி ஜிஓவி டாட் எம்ஒய் என்று முடியும், தாய்லாந்தின் முகவரி ஜிஓ டாட் டிஹெச் என்று முடியும். அப்படி முடியாத எதிலும் பாஸ்போர்ட் எண்ணைப் போடாதீர்கள்.

கோலாலம்பூரில் இன்னொரு வம்பு இருக்கிறது. அங்கே இரண்டு முனையங்கள். ஏர் ஏசியா இரண்டாம் முனையத்தில், மலேசியா ஏர்லைன்ஸ் போன்றவை முதல் முனையத்தில். ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறுவதென்றால் குடிநுழைவுச் சோதனையை (இமிகிரேஷன்) தாண்டி வெளியே வந்துதான் போக முடியும். உங்களுக்கு இது பொருந்தாது. ஆனால் கோலாலம்பூரில் விமானம் மட்டும் மாற்றி பாலிக்கோ பாங்காக்குக்கோ போகிறவர்கள், தனித்தனி டிக்கெட்டாக வாங்கியிருந்தால், அவர்களுக்கும் எம்டிஏசி தேவைப்படும். சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் இந்தியர்களுக்கு அங்கே விசா தேவை. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு வேண்டாம். ஒரே குடும்பத்தில் இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

நாள் கணக்கில் தவறு செய்யாதீர்கள். இறங்கிய நாளும் ஒரு நாள்தான். முத்திரை குத்தியதும் அங்கேயே நின்று, அதில் எந்தத் தேதி வரை என்று போட்டிருக்கிறார்கள் என்று படியுங்கள். உங்களுக்கு 30 அல்லது 60 நாள் உரிமை என்று எங்கே படித்திருந்தாலும், செல்லுபடியாவது அந்த முத்திரையில் உள்ள தேதிதான். தாய்லாந்தில் கூடுதலாகத் தங்கினால் நாளுக்கு 500 பாட் அபராதம், அதிகபட்சம் 20,000 பாட். 90 நாளுக்கு மேல் போனால் தானாகவே சரணடைந்தாலும் ஒரு வருடம் அந்த நாட்டுப் பக்கம் போக முடியாது. மலேசியாவிலிருந்து தரை வழியாகத் தாய்லாந்தின் ஹாட் யாய் போகலாம் என்ற யோசனை வந்தால், டிடிஏசி அதற்கும் உண்டு. தரை எல்லை வழியாக விசா விலக்கில் நுழைவது ஒரு காலண்டர் வருடத்தில் இரண்டு முறைதான். இ-சிகரெட் பழக்கம் யாருக்காவது இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள், தாய்லாந்தில் அது சட்டவிரோதம்.

சரி, அப்பாவின் இசிஆர். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் இது இருக்கும். 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது இந்திய அரசின் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும் என்பதே அதன் பொருள். வளைகுடா நாடுகளைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சுற்றுலாவுக்குப் போகிறவருக்கு அந்த அனுமதி தேவையில்லை. ஆனால் சுற்றுலாதான் என்று இங்கே, நம் ஊர் குடிநுழைவு அதிகாரியிடம் நிரூபிக்க வேண்டியது அவர்தான். முன்பு மலேசிய சுற்றுலா விசா ஒட்டியிருந்தால் அதுவே சாட்சி. இப்போது அந்தத் தாள் இல்லை, அதனால் கேள்வி கூடுகிறது. திரும்பும் டிக்கெட், தங்குமிட விவரம், மகனோடு சேர்ந்து போகிறார் என்பது, இவை போதும். அவர் தனியாகப் போவதாக இருந்தால் நான் கொஞ்சம் கவலைப்படுவேன், குடும்பத்தோடு என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. காலம் இருந்தால் இசிஆர் அல்லாத பாஸ்போர்ட்டுக்கு மாற்ற முடியுமா என்றும் பாருங்கள். 50 வயது தாண்டியவர்களுக்கும், வருமான வரி கட்டுகிறவர்களுக்கும் அதற்கு வழி உண்டு.

இளைஞர்கள் தனியாகவோ நண்பர்களோடோ பாங்காக் போகும்போது இங்கேயே துருவித் துருவிக் கேட்கிறார்களே என்று பலர் எரிச்சல்படுவார்கள். காரணம் இருக்கிறது. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று அழைத்துப் போய், மே சோட் எல்லை வழியாக மியான்மருக்குள் கடத்தி, இணைய மோசடிக் கூடங்களில் அடைத்த கதைகள் நம் மாவட்டங்களிலும் உண்டு. 2025 மார்ச்சில் மட்டும் அப்படி மீட்கப்பட்ட ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்களில் கொண்டு வந்தார்கள். அவர்களில் பலரும் சுற்றுலாப் பயணிகளாகத்தான் இங்கிருந்து கிளம்பினார்கள்.

திருச்சி, சென்னை வழி என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். குருவிகள், அதாவது கூலிக்குக் கடத்தல் பொருள் சுமப்பவர்கள், புழங்கும் தடம் இது. திரும்பும்போது விமான நிலையத்தில் யாராவது பாவமாக வந்து "இந்தப் பையை மட்டும் ஊரில் கொடுத்துவிடுங்கள், என் தம்பி வெளியே நிற்பான்" என்றால், சொந்த ஊர்க்காரராகவே இருந்தாலும் வாங்காதீர்கள். முன்பு தங்கத்தைப் பற்றித்தான் பேச்சு. இப்போது பாங்காக்கிலிருந்து வரும் பைகளில் உயர்ரகக் கஞ்சாவும் அரியவகை விலங்குகளும் சென்னையில் அடிக்கடி பிடிபடுகின்றன. பையைச் சுமந்தவர்தான் குற்றவாளி.

கடைசியாக நேபாளம். இந்தியர்களுக்கு விசாவும் வேண்டாம், பாஸ்போர்ட்டும் கட்டாயம் இல்லை. ஆனால் ஆதார் எல்லோருக்கும் செல்லாது. பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அடையாள அட்டை, இரண்டில் ஒன்று வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் மட்டும் ஆதார், பான் போன்ற வயதும் புகைப்படமும் காட்டும் அட்டை போதும். 15க்கும் 18க்கும் இடைப்பட்ட பிள்ளை இருந்தால் பள்ளித் தலைமையாசிரியரிடம் அதற்கென்று உள்ள படிவத்தில் அடையாளச் சான்று வாங்க வேண்டும். வாக்காளர் அட்டையில் போகிறவர் அங்கிருந்து மூன்றாவது நாட்டுக்குப் போக முடியாது. அப்படியே பூட்டானையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று தோன்றினால், அங்கே நுழைவு அனுமதி தனியாக வாங்க வேண்டும், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை தவிர மற்றவர்களுக்கு இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணம் உண்டு, 12 வயது வரை பாதி. பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழும் எடுத்துப் போங்கள்.